ஊசி ஏறிய விரல்: முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு நீரிழிவு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெண் ஒருவரல்ல. முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கும் கிளினிக்குக்கும் இதே மாதிரி வந்த பலருடைய விவரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒருவர். எண்கள் அப்படி வருபவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் காண்பவை. ஊரும் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

வந்த காரணம்

2025. 34 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசினில் வேலை. இடது கைச் சுட்டுவிரலில் ஊசி ஏறி மூன்று கிழமை. முதலில் மஞ்சள் பூசினார். பிறகு பார்மசியில் கேட்டு வாங்கிய கப்சூல் ஐந்து நாள் போட்டார். விரல் வீங்கி, நகத்தின் ஓரம் சீழ் பிடித்திருந்தது.

"ஊசி ஏறுறது எங்களுக்குப் புதினமில்லை டொக்டர். மற்ற நேரம் ரெண்டு நாளில காய்ஞ்சிடும். இதுதான் விடுதில்லை."

ஆறாத புண் என்றால் எங்கள் தாதியர் யாரும் சொல்லாமலே விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பார்கள். 287 மில்லிகிராம்/டெசிலீற்றர் காட்டியது. அந்தப் பெண் மீற்றரைப் பார்த்தார், பிறகு தாதியைப் பார்த்தார். "எனக்கோ? நான் இவ்வளவு மெல்லிசு."

கேட்டபோது மற்றவையும் வந்தன. ஒரு வருடமாகக் களைப்பு. இரவில் இரண்டு மூன்று தரம் சலம் போக எழும்புவது. இடைக்கிடை பெண்ணுறுப்பில் கடி (அரிப்பு). அதைச் சொல்ல வெட்கப்பட்டு அதற்கென்று எங்கும் போகவில்லை. களைப்புக்கு வேலை காரணம், தாகத்துக்கு வெயில் காரணம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. வன்னி வெயிலில் தாகத்தை யார் நோயாக எண்ணுவார்கள்?

கண்டவை

உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 54 கிலோ, உடற்திணிவுச் சுட்டி 23.4. இடுப்புச் சுற்றளவு 84 சென்ரிமீற்றர். இரத்த அழுத்தம் 128/82. கழுத்தின் பின்மடிப்பும் கமக்கட்டும் வெல்வெற்றுப்போலத் தடித்துக் கறுத்திருந்தன. அது வியர்வை அழுக்கு என்று நினைத்து இரண்டு வருடமாகத் தேய்த்துக் குளித்திருக்கிறார், முகத்துக்குப் பூசும் கிறீமும் பூசிப் பார்த்திருக்கிறார். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோலில் தெரியும் அடையாளம் அது. தேய்த்துப் போகாது.

மறுநாள் வெறுவயிற்றில் 168 மில்லிகிராம்/டெசிலீற்றர். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 சதவீதம். வெறுவயிற்றில் 126, ஹெச்பிஏ1சியில் 6.5 என்பன நோயை உறுதிப்படுத்தும் எல்லைகள். இவர் இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டார். இரத்தக் கொழுப்பில் திறைகிளிசரைட் 212, கூட; நல்ல கொலஸ்ரரோல் 36, குறைவு. சலத்தில் கீற்றோன் (இன்சுலின் மிகக் குறையும்போது சேரும் பொருள்) இல்லை, அல்புமின் (சிறுநீரகம் பழுதுபட்டால் கசியும் புரதம்) இல்லை.

எந்த வகை நீரிழிவு

மெல்லிய, இளவயதுப் பெண் என்பதால் முதலாம் வகையா, அதாவது இன்சுலினே சுரக்காமல் போகும் வகையா என்ற கேள்வி எழுந்தது. அதை உறுதிப்படுத்தும் எதிர்ப்புடல் சோதனைகளை இங்கே செய்ய முடியாது. ஆனால் அறிகுறிகள் மெதுவாக வந்திருக்கின்றன, கீற்றோன் இல்லை, கழுத்துக் கறுப்பு இருக்கிறது, திறைகிளிசரைட் கூடியிருக்கிறது. இவை சேர்ந்தால் இரண்டாம் வகை, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத வகை என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். மருந்துக்கு இணங்காவிட்டால் அல்லது நிறை விழுந்துகொண்டே போனால் திரும்ப யோசிக்கலாம்.

இன்னொரு கேள்வியைக் கேட்டவர் கூட வந்த தாய். "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில மரவள்ளிக்கிழங்குதான் கனக்கத் தின்டது. அதாலையோ தம்பி?" சிரித்துத் தட்டிவிடும் கேள்வியல்ல இது. கணையத்தில் கல் விழுந்து வரும் ஒரு வகை நீரிழிவு கேரளத்தில் கூடுதலாகக் காணப்பட்டபோது, மரவள்ளியின் சயனைட்டுத்தான் காரணமோ என்று ஆய்வாளர்களே ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். பின்வந்த சான்றுகள் அதற்கு ஆதரவாக நிற்கவில்லை. இவருக்கு வயிற்றுவலியோ எண்ணெய்ப்பிடித்த மலமோ இருந்ததில்லை; எக்ஸ்றேயிலும் கல் இல்லை. தாயின் கவலையை அத்துடன் இறக்கி வைத்தோம். ஆனால் அந்தக் கேள்வியின் உள்ளே இருந்த மற்றதை, பட்டினிக் காலத்தை, கீழே எடுக்கத்தான் வேண்டும்.

மதிப்பெண் பார்த்தால்

சென்னையில் உருவாக்கி 2005 இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறை ஒன்று உண்டு. வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு: நான்கே கேள்வி, 100 புள்ளி. 60 உம் அதற்கு மேலும் என்றால் உயர் ஆபத்து. இரத்தம் எடுக்கத் தேவையில்லை என்பதால் எங்களைப்போன்ற இடங்களுக்கு வாய்ப்பானது.

இவருக்குப் போட்டுப் பார்த்தோம். 35 வயதுக்குக் கீழ் என்பதால் வயதுக்கு 0. இடுப்பு 80க்கும் 89க்கும் இடையில்: 10. நாள் முழுதும் கதிரையில், உடற்பயிற்சி இல்லை: 30. பெற்றோரில் யாருக்கும் இல்லை என்று அவர் சொன்னதால் 0. கூட்டினால் 40. நடுத்தர ஆபத்து. ஹெச்பிஏ1சி 9.4 உடன் முன்னால் இருக்கும் ஒருவருக்கு!

மதிப்பெண் முறை பிழை என்று சொல்லவரவில்லை. பெருந்தொகை மக்களில் யாருக்கு முதலில் இரத்தம் எடுப்பது என்று தெரிவு செய்ய அது உதவும். ஆனால் அந்த 40 என்ற எண்ணுக்குள் மறைந்திருந்தவைதான் இந்த ஆய்வின் பொருள். வன்னியில் அவை மறைவதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

பெற்றோர் என்ற கட்டம்

"வீட்டில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டால் வன்னியில் வரும் "இல்லை" பல தடவை "பார்க்கவில்லை" என்பதுதான். இவருடைய தகப்பன் 2009 இல், 46 வயதில், ஷெல் பட்டு இறந்தார். 50 வயதைத் தாண்டியிருந்தால் அவருக்கு நீரிழிவு வந்திருக்குமா? அந்தக் கட்டத்தை யாரும் இனி நிரப்ப முடியாது. ஒரு தலைமுறையின் ஒரு பகுதி இந்த நோய் வெளிப்படும் வயதை அடையவேயில்லை. வாழ்ந்தவர்களுக்கும் 1990 முதல் மருந்துத் தட்டுப்பாட்டுக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் சீனி பார்ப்பது முதல் தேவையாக இருந்ததில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டோம். சொந்தத்தில் யாருக்காவது கால் விரல் எடுத்ததா? கண் மங்கிப் போனவர் இருக்கிறாரா? டயலிசிஸ் செய்தவர்? உடனே வந்தது: தகப்பனுடைய தமக்கைக்குப் பெருவிரல் எடுத்திருக்கிறார்கள். "அது முள்ளுக் குத்தி அழுகினது" என்றுதான் குடும்பத்தில் கதை.

தாய் பக்கத்தில் நின்றார். 61 வயது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி, நான் ஆஸ்பத்திரிக்கே வாறேல்லை." அதுவே காரணம் என்று சொல்லி அவருக்கும் குத்திப் பார்த்தோம்: 231. பிறகு வெறுவயிற்றில் 154, இன்னொரு நாள் 149. பெற்றோரில் ஒருவர் என்ற கட்டம் நிரம்பியது, மகளுடைய மதிப்பெண் 50 ஆனது. அப்போதும் 60 இல்லை. அடுத்த பிறந்தநாளுக்கு வயதுக்கான 20 புள்ளி சேர்ந்து 70 ஆகியிருக்கும்.

அந்த 35 என்ற எல்லை இன்னொரு இடத்திலும் இவருக்குக் குறுக்கே நின்றது. 2011 இலிருந்து நாடு முழுதும் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும், பெண்களுக்கான பரிசோதனைக் கிளினிக்குகளும் முதன்மையாக 35 வயதிலிருந்தே ஆட்களைத் தேடி அழைக்கின்றன. எல்லை ஏதோ ஓரிடத்தில் போடத்தான் வேண்டும். ஆனால் ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியருக்கு இந்த நோய் ஏறத்தாழப் பத்து வருடம் முந்தி, குறைந்த நிறையிலேயே வருகிறது.

2018 இன் அட்டை

இரண்டாம் பிள்ளை 2018. 26 ஆம் கிழமையில் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்த சோதனை கர்ப்பிணித்தாய்ப் பதிவேட்டில் இருக்கிறது: வெறுவயிற்றில் 98, ஒரு மணி நேரத்தில் 191, இரண்டு மணி நேரத்தில் 158. எல்லைகள் 92, 180, 153. ஒன்று தாண்டினாலே கர்ப்பகால நீரிழிவுதான். இவருக்கு மூன்றும் தாண்டியிருந்தன. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, பிறகு சீனியைக் குறைக்கும் மெற்போமின் குளிசை. பிள்ளை 3.9 கிலோ. மூத்த பிள்ளை 2.6 கிலோதான்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் பார்த்த சீனி சரியாக இருந்தது. மருந்து நிறுத்தப்பட்டது. ஆறு கிழமையில் வந்து திரும்பச் சோதிக்கும்படி துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் போகவில்லை. வெறுவயிற்றோடு, கைக்குழந்தையோடு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பால் கொடுக்கிற தாய் பட்டினி கிடக்கக்கூடாது என்று வீட்டில் தடை. "சீனி இறங்கிட்டுது எண்டு அவையே சொன்னவை. பிறகு என்னத்துக்கு?"

கர்ப்பம் என்பது கணையத்துக்கு ஒரு மாரி. குளக்கட்டில் எங்கே பலமில்லை என்பது கோடையில் தெரியாது, இரணைமடு நிரம்பி வான் பாயும் நாளில்தான் தெரியும். நச்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கும்; கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுக்க முடியாத கணையம் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை பிறந்ததும் வெள்ளம் வடியும், கட்டு பழுதுபட்டபடியே இருக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வந்த கணிப்பு, கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என்கிறது. இவருடைய பட்டியலில் இதைவிடப் பெரிய காரணி வேறில்லை. மேலே சொன்ன நான்கு கேள்வியில் இதற்கு இடமுமில்லை.

இங்கே யாரையும் குறைசொல்வது எளிது. அதைவிட ஒழுங்கமைப்பைப் பார்ப்பது பயன். பிள்ளை பிறந்தபின் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். பிறகு தாயின் பதிவேடு பெட்டிக்குள் போகிறது, பிள்ளையின் பதிவேடு வெளியே வருகிறது. நிறை, தடுப்பூசி, திரிபோஷாச் சத்துமா எல்லாம் அதில். தாய் மாதாமாதம் கிளினிக் படியேறுகிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவராக. ஏழு வருடம் அப்படித்தான் போயிருக்கிறது.

மெல்லிசு என்பது

உடற்திணிவுச் சுட்டி 25 வரை பரவாயில்லை என்ற கணக்கு எங்களுக்குரியதல்ல. ஆசிய மக்களில் 23 இலிருந்தே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொல்லிவிட்டது. தெற்காசியப் பெண்களின் இடுப்புக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90. தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே: வெளியே பார்த்தால் தெரியாத உடல்வாகு இது.

இவரிடம் தராசு காட்டிய எண்ணைவிட முக்கியம், அது ஏறிய விதம். 2012 இல் திருமணத்தின்போது 42 கிலோ. மூத்த பிள்ளைக்குப் பின் 47, இரண்டாவதுக்குப் பின் 52, சென்ற வருடம் 56. இப்போது 54, அந்த இரண்டு கிலோவையும் நோயே இறக்கியது. மெல்லிய உடலில் இளவயதுக்குப் பின் 14 கிலோ ஏறினால், முடிவில் நிற்கும் எண் சிறிதாக இருந்தாலும் ஆபத்து சிறிதல்ல.

தாயின் கேள்விக்கு இனி வருவோம். 1991 இல், பொருளாதாரத் தடைக்குள் பிறந்த பிள்ளை. பிறப்பு நிறை எழுதிய அட்டை எந்த இடப்பெயர்வில் தொலைந்ததோ. ஐந்து வயதில் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போனது, 18 வயதில் முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம். நெதர்லாந்தில் 1944-45 பட்டினிக் குளிர்காலத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, குளுக்கோஸ் குடித்தபின் அவர்களுடைய சீனி மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. உக்ரேனின் 1932-33 பஞ்சத்திலும் நைஜீரியாவின் பியாஃப்ராப் போர்ப் பஞ்சத்திலும் கருவில் இருந்தவர்களிடமும் இதே போக்கு. பட்டினிக்குப் பழக்கப்பட்டு உருவான உடலுக்குப் பின்னர் தாராளமாகச் சாப்பாடு கிடைத்தால் சிக்கல். ஒரு தனி ஆளில் இந்தப் பங்கைப் பிரித்து அளக்க முடியாது. ஆனால் வன்னியில் 1990க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர்களை ஆபத்துக் குறைந்த இளையவர்களாக எண்ணுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நாள் எப்படிப் போகிறது

காலை 3.45க்கு எழும்புகிறார், சமையல், பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுப்பது, 5.30க்குத் தொழிற்சாலை பஸ். பத்து மணிக்குப் பணிசும் தேத்தண்ணியும். மதியம் வெள்ளையரிசிச் சோறு, பருப்பு, சொதி. பின்னேரம் இன்னொரு தேத்தண்ணி, ரோல்ஸ். வீடு வந்தால் கோதுமை மா ரொட்டி அல்லது புட்டு. படுக்க 11 மணி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. தேத்தண்ணியில் மட்டும் 40 கிராமுக்கு மேல். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஐந்து மணி நேரத்துக்கும் குறைந்த நித்திரை தன்பாட்டுக்கே இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். காணாமல் ஆக்கப்பட்ட தமையனின் நினைவு வரும் இரவுகளில் அதுவும் இல்லை. நீண்டகால மன அழுத்தத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு.

தாய் நாற்று நட்டு, கிணற்றில் தண்ணி அள்ளி, விறகு சுமந்தவர். ஆனால் அவருக்கும் 61 வயதில் நோய் வந்துவிட்டது. மகளுக்கு 34 இல். அந்த இடைவெளிக்குள் கதிரையும் பணிசும் மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன. பழைய வாழ்க்கைக்குத் திரும்புங்கள் என்று சொல்பவர்கள் அந்த விறகுச் சுமையைத் தூக்கிப் பார்த்ததில்லை. வேலையை விடவும் முடியாது: வீட்டுக்கு நுண்கடன் இரண்டு இருக்கிறது, கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும்.

புகைத்தல் இவருக்கில்லை, கணவருக்கு உண்டு. புகைப்பவர்களுக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூட. ஸ்ரீரொயிட் மருந்தோ மனநோய் மருந்தோ இவர் எடுத்ததில்லை.

செய்தவை

விரலைக் கீறிச் சீழ் எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லியும் ஏற்பு ஊசியும் கொடுத்தோம். மெற்போமின் 500 மில்லிகிராம் இரு வேளை, பிறகு கூட்டினோம். கண் பரிசோதனைக்குக் கடிதம். இனியொரு பிள்ளை வேண்டுமென்றால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே என்று கணவரையும் இருத்திச் சொன்னோம்.

"பின்னேரம் அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்ற வழமையான வரியை இவருக்குச் சொல்லவில்லை. அவர் பஸ்ஸால் இறங்கும்போது இருட்டு. வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் யானை வந்துபோகும். மதிய இடைவேளையில் தொழிற்சாலை வளவுக்குள் பதினைந்து நிமிடம், ஞாயிறில் பிள்ளைகளோடு பள்ளிக்கூட மைதானம் என்று அவரே வகுத்துக்கொண்டார். தேத்தண்ணியில் காலைச் சீனியை மட்டும் விடமாட்டேன் என்றார், ஒத்துக்கொண்டோம். சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து அந்த இடத்துக்கு முருங்கையிலை, வல்லாரை, பயிற்றங்காய். இரவில் புட்டுக்குக் குரக்கன் மா, கிழமையில் மூன்று நாள்.

புண் இரண்டு கிழமையில் ஆறியது. மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 7.3, இடுப்பு 82. ஆறு மாதத்தில் 6.8.

2018 இலேயே இதைத் தொடங்கியிருந்தால்? அமெரிக்காவில் 2002 இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வை 2008 இல் திரும்பப் பகுத்துப் பார்த்தபோது, முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களில் வாழ்க்கைமுறை மாற்றமும் மெற்போமினும் தனித்தனியே நோய் வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. தமிழர் நடுவே, சென்னையில், 2006 இல் வந்த ஆய்வில் நோயின் வாசலில் நின்றவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 சதவீதக் குறைப்பைத் தந்தது. அமெரிக்க எண்ணைவிடச் சிறியது என்றாலும் எங்கள் சோற்றுக்கும் உடலுக்கும் கிட்டியது அதுதான்.

இப்போது கிளினிக்கில்

எந்த வயதுப் பெண் எந்தக் காரணத்துக்கு வந்தாலும், பிள்ளை பெறும்போது சீனி கூடியதா, பிள்ளையின் நிறை எவ்வளவு என்ற இரண்டு கேள்வியைப் பதிவுத் துண்டிலேயே சேர்த்திருக்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர்களோடு பேசி, கர்ப்பகால நீரிழிவு வந்த தாயின் சோதனை நாளைப் பிள்ளையின் பதிவேட்டில், தடுப்பூசித் திகதிக்குப் பக்கத்தில் எழுதவும் தொடங்கியிருக்கிறோம். ஆறு கிழமைச் சோதனை தவறினாலும் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அநேகமாக எல்லாத் தாயும் வருவார். அன்று ஹெச்பிஏ1சிக்கு இரத்தம் எடுக்கலாம், பட்டினி கிடக்கத் தேவையில்லை. பிள்ளைப்பேற்று இரத்தப்போக்கு அந்த எண்ணைக் குழப்பும் காலமும் அதற்குள் கடந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு எண்ணைப் பொய்யாகக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால் கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு வருடமும், பிள்ளை பிறந்த மாதத்தில்.

வீட்டாரையும் பார்த்தோம். தாய்க்கு மெற்போமின் தொடங்கியாயிற்று. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வெறுங்காலோடு வயலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கணவர் 39 வயது, வெறுவயிற்றில் 112, இடுப்பு 96; சிகரெட்டைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. 3.9 கிலோவில் பிறந்த மகனுக்கு இப்போது ஏழு வயது. வயிற்றில் இருந்தபோதே தாயின் கூடிய சீனியைச் சந்தித்தவன் என்பதால் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அவனுக்குக் கூட. நிறை இப்போதைக்கு அளவாக இருக்கிறது. பாடசாலை வாசலில் விற்கும் சோடாவை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். 11 வயது மகள், தனக்கும் குத்திப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். 94.